பதுளை நீதிமன்றத்தில் ஒரு சித்திரக்காரருக்கு ஆசனம்

பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒரு வழக்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது என்ற செய்தி பத்திரிகையில் வரும்போது, அதனோடு கூட வரும் படம் எதுவாக இருக்கும் என்பது செய்தியைப் படிக்கும் முன்பே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. சிறைச்சாலை பஸ்ஸின் கம்பி வலைக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் ஓர் உருவம்; அல்லது சட்டையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு இரு பொலிஸ்காரர்களுக்கு நடுவே விரைந்து நடக்கும் ஓர் இளைஞன்; அதுவும் வாய்க்காவிட்டால், எந்த நாட்டில் யாருடைய கையில் பூட்டப்பட்டதென்று யாருக்கும் தெரியாத ஒரு கைவிலங்கு. நீதிமன்றத்தின் வெளிவாசல் வரை போன கெமரா அங்கேயே நின்றுவிடுகிறது. அவ்வாசலுக்கு அப்பால், நாட்டின் சட்டம் ஒரு மனிதனை நேருக்கு நேராக நிறுத்திக் கேள்வி கேட்கும் அந்த அறையினுள்ளே யார் எங்கே நின்றார்கள், எப்படி நின்றார்கள், யாருடைய முகத்தை யார் பார்த்தார்கள் என்பது வாசகருக்கு எட்டுவதேயில்லை. இக்குறையை நீக்கப் பழையதும் மலிவானதுமான ஓர் உபாயம் உண்டென்றும், அதை நம்முடைய தமிழ்ப் பத்திரிகைகளும் நீதித்துறையும் ஊவா மாகாணத்திலேயே தொடங்கிப் பார்க்கலாமென்றும் நான் அபிப்பிராயப்படுகிறேன். கையில் பென்சிலும் காகிதமும் கொண்ட ஒரு சித்திரக்காரரை நீதிமன்றத்தினுள் உட்கார விடுவதே அவ்வுபாயம்.

கெமராவையே உள்ளே விட்டுவிடலாமே என்று கேட்போர் உண்டு. அவர்களோடு நான் சேரமாட்டேன். 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃபிளெமிங்டன் என்ற சிற்றூரில், விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தையைக் கடத்திக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஹாப்ட்மன் என்பவனுடைய விசாரணை நடந்தபோது, புகைப்படக்காரரும் செய்திப்படம் பிடிப்போரும் அவ்வூரையே ஒரு திருவிழா மைதானமாக்கி, நீதிபதியின் கட்டளையையும் மீறிச் சாட்சியத்தைப் படம் பிடித்துத் திரையரங்குகளில் காட்டிவிட்டார்கள். அந்த அலங்கோலத்தைக் கண்டு மனங்கசந்த அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1937இல் கெமராவுக்கு எதிராக ஒரு விதியை இயற்றிற்று. 1946இல் கூட்டாட்சிக் குற்றவியல் நீதிமன்றங்களிலும் அத்தடை விதியாயிற்று. இங்கிலாந்திலோ இவ்வருவருப்பு அதற்கும் முந்தியது. 1912இல் செடன் என்பவனுக்கு நீதிபதி கறுப்புத் துணியைத் தலையில் தரித்து மரண தண்டனை விதித்த அந்தக் கணத்தையே யாரோ ஒளித்து வைத்த கெமராவால் பிடித்துப் பத்திரிகையில் போட்டுவிட, பின்னர் 1925ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் அதன் 41ஆம் பிரிவில் புகைப்படத்தை மட்டுமன்றி, பிரசுரிக்கும் நோக்கத்தோடு நீதிமன்றத்தினுள் உட்கார்ந்து சித்திரம் வரைவதையும் சேர்த்தே தடைசெய்துவிட்டது. ஆகையினால் அந்நாட்டுச் சித்திரக்காரர்கள் இன்றும் உள்ளே உட்கார்ந்து உற்றுப் பார்த்து, கழுத்துப்பட்டையின் நிறம், கைகளின் இருப்பு முதலியவற்றைச் சொற்களாகக் குறித்துக்கொண்டு, வெளியே வந்து ஞாபகத்திலிருந்து வரைகிறார்கள். அமெரிக்கச் சித்திரக்காரரோ தொலைநோக்கியும் மடியில் பலகையும் சகிதமாக உள்ளேயே வரைந்து முடிக்கிறார். இரண்டில் எது நமக்குப் பொருந்தும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இவ்வளவு தடைகளுக்கும் நடுவே சித்திரம் மட்டும் எதற்காக வேண்டும் என்று கேட்டால், 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் சிக்காகோ நகரத்தில் நடந்ததை எடுத்துக்காட்டுவேன். வியட்நாம் யுத்தத்துக்கு எதிரான கிளர்ச்சி தொடர்பாக எண்மர் மீது தொடரப்பட்ட வழக்கில், தமக்கு வேண்டிய வழக்கறிஞர் வரும் வரை பொறுக்க வேண்டும், இல்லையேல் தம் வழக்கைத் தாமே நடத்த விட வேண்டும் என்று மீண்டும் மீண்டும் எழுந்து கேட்ட பொபி சீல் என்ற கறுப்பினத்தவரை, நீதிபதி ஹொஃப்மன் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, வாயையும் அடைக்கச் செய்தார். அறையினுள் கெமரா கிடையாது. ஆனால் ஹவர்ட் பிரோடி, ஃபிராங்ளின் மக்மேகன் முதலிய சித்திரக்காரர்கள் இருந்தார்கள்; அவர்களுடைய கோடுகளின் வழியாகவே, சட்டத்தின் பெயரால் ஒரு மனிதன் வாயடைக்கப்பட்டு உட்கார்ந்திருந்த அக்காட்சியை ஒரு தேசம் கண்டது. ‘பிரதிவாதி கட்டுப்படுத்தப்பட்டார்’ என்று மறுநாள் பத்திரிகையில் ஒரு வாக்கியம் வந்திருந்தால் படித்தவர்கள் அடுத்த பத்திக்குப் போயிருப்பார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1922ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி அகமதாபாத்தில் நீதிபதி புரூம்ஃபீல்ட் முன்னிலையில் காந்தியடிகள் இராஜத் துரோகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறாண்டுச் சிறைத் தண்டனையை ஏற்றுக்கொண்டபோது, அக்காட்சியைச் சித்திரமாக்கி நமக்கு வைத்தவர் குஜராத்தி ஓவியரான ரவிசங்கர் ராவல். அவர் கையில் அந்த அறை பிழைத்தது. இன்னும் பின்னே போனால், தமிழில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய நீதிமன்றக் காட்சியிலேயே ஒரு சித்திரக்காரன் இருக்கிறான் என்று சொல்லத் தோன்றுகிறது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில், வாசலில் வந்து நிற்கும் கண்ணகியைப் பாண்டியனிடம் அறிவிக்க ஓடும் வாயிற்காவலன், அவள் பெயரையும் ஊரையும் விசாரித்துச் சொல்வதற்குப் பதிலாக, அவள் எந்தெந்தத் தெய்வங்களைப் போலத் தோன்றுகிறாள், எவ்வளவு கோபத்தோடு நிற்கிறாள், கையில் என்ன ஏந்தியிருக்கிறாள் என்பதையே அரசன் கண்முன் தீட்டி வைக்கிறான். கணவனை ஒருமுறையேனும் நேரில் அழைத்து முகம் பாராமலே கொல்லச் சொன்ன அதே அரசன், மனைவியைப் பற்றிய இந்தச் சொற்சித்திரத்தைக் கேட்ட பிறகுதான் உள்ளே வரவிடுகிறான். இளங்கோவடிகள் அந்தக் காவலனுக்கு அவ்வளவு வரிகளை ஒதுக்கியது காரணமில்லாமல் இருக்க முடியாது.

ஊவாவின் சரித்திரத்தில் முகம் பாராமை என்பது ஒரு பெருங்குறையாகவே தொடர்ந்து வருகிறது. 1817-18 கலகத்தை அடக்கப் பிரித்தானியரால் அனுப்பப்பட்டு, பிறகு கலகக்காரரோடு சேர்ந்துகொண்ட ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொல, கண்டியில் இராணுவ நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டு 1818 நவம்பர் 26ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டார். சிலைகளிலும் சித்திரங்களிலும் இன்று நாம் காணும் அவர் முகம் பிற்காலத்தார் கற்பனையே. அவருடைய கடைசி நேரத்தை எழுத்தில் பதிவு செய்த இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல், அவருடைய மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோய், மண்டையை அளந்து குணத்தைக் கணிக்கும் சாஸ்திரக்காரர்களின் சங்கத்துக்கு ஒப்படைத்தார். அது 1954ஆம் ஆண்டுதான் இலங்கைக்குத் திரும்பி வந்தது. மண்டையோட்டைப் பத்திரப்படுத்தத் தெரிந்த சாம்ராச்சியத்துக்கு, விசாரணையின்போது அம்மனிதர் எப்படி நின்றார் என்று ஒரு கோடு இழுத்து வைக்கத் தோன்றவில்லை.

திசாவைக்கே இந்தக் கதி என்றால், அவருக்குப் பிறகு அதே மலைகளில் கோப்பிக்கும் தேயிலைக்கும் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட நம்முடைய ஜனங்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலி எல, ஹப்புத்தளை என்று ஊவாவின் எந்தத் திசையிலிருந்து வருவதானாலும், தோட்டத்து மனிதர் ஒருவர் பதுளை நீதிமன்றத்துக்கு வரும் நாள் என்பது அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் நாள். இருட்டோடு எழுந்து, லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து வந்து, தம் வழக்கு கூப்பிடப்படும் வரை வராந்தாவில் காத்திருக்கும் நாள். விளக்கமறியலில் உள்ளவர் வழக்கென்றால், அவரைக் கூண்டில் ஏற்றி, அடுத்த தவணையைச் சொல்லி, இறக்கிவிடுவதற்கு எடுக்கும் நேரம் சில நிமிஷங்களுக்கு மேல் இராது. அந்தச் சில நிமிஷங்களைப் பார்க்கத்தான் அவருடைய மனைவி கைக்குழந்தையோடு வந்திருப்பாள்.

அந்தக் கூண்டை ஒருமுறையேனும் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நம்மவர் அதில் நிற்கும் விதமே தனி. தோளில் கிடந்த துண்டு இறங்கி முழங்கை மடிப்புக்கு வந்துவிடும். கைகள் மார்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொள்ளும். முதுகு சற்றே வளையும். கண்கள் தரையைப் பார்க்கும். தோட்டத்து ஆபீஸில் துரையின் மேசைக்கு முன்னால் பாட்டன் நின்றதும், தகப்பன் நின்றதும் இப்படித்தான். பல தலைமுறைகளாகப் படிந்த இம்மரியாதையைத் தோட்டத்தையே அறியாத ஒருவர் பார்த்தால், குற்றவுணர்ச்சியால் தலை குனிந்து நிற்கிறான் என்றுதானே முடிவு செய்வார்? மறுபுறத்தில், புதிய தலைமுறைப் பையன் ஒருவன் கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால், அது திமிராகப் படக்கூடும். சாட்சி சொல்பவரின் மெய்ப்பாடு நமது சட்டத்தில் அற்ப விஷயமன்று. சாட்சியை நேரில் கண்டு, அவர் பேசிய தோரணையைக் கவனித்தவர் விசாரணை நீதிபதியே என்ற காரணத்தைச் சொல்லி, அவருடைய நம்பிக்கையிலும் அவநம்பிக்கையிலும் எளிதில் தலையிட மேன்முறையீட்டு மன்றங்கள் தயங்குகின்றன. அவ்வளவு பாரம் ஒருவருடைய நிற்பிலும் பார்வையிலும் ஏற்றப்பட்டிருக்கும்போது, அந்த நிற்பும் பார்வையும் வழக்கேட்டில் எங்கேயாவது பதிவாகின்றனவா? கேள்வியும் பதிலும் பதிவாகின்றன; நின்ற விதம் பதிவாவதில்லை.

இதற்கு மேல் மொழி என்ற ஒன்று இருக்கிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள் என்று சொன்னாலும், வடக்கு கிழக்குக்கு வெளியே வழக்கு நடப்பதும் பதிவாவதும் பெரும்பாலும் சிங்களத்திலேயே. தமிழ் பேசுவோருக்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை உண்டு. காகிதத்தில் இவ்வுரிமை பூரணமானது. அறையில் அது எப்படி நடைபெறுகிறதென்றால், சட்டத்தரணி சிங்களத்தில் கேள்வி கேட்கிறார். கூண்டிலுள்ள தோட்டத்துப் பெண், கேள்வி கேட்டவரையும் பாராமல், நீதவானையும் பாராமல், பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ஏனெனில் அவளுக்கு விளங்கும் வார்த்தை வரப்போகும் வாய் அந்த அறையில் அது ஒன்றுதான். பதிலையும் அவரிடமே சொல்கிறாள். அவள் ஒரு நீண்ட கதையை, மாமியாரில் தொடங்கிப் பக்கத்துக் காம்பரா வரைக்கும் சொல்லி முடிக்க, அவர் திரும்பி நின்று சிங்களத்தில் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார். நீதவான் எழுதுகோலைக் குனிந்து நகர்த்துகிறார். மொழிபெயர்ப்பாளர் சோம்பேறி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நாளில் எத்தனையோ வழக்குகளுக்கு நடுவே அந்த மனிதர் செய்யும் வேலை சாமானியமானதன்று. ஆனால் அவள் பார்வை போகும் திசையும், நீதவான் பார்வை போகும் திசையும், ஒன்றையொன்று சந்திக்காத அந்த இரு கோடுகளும் ஒரு நல்ல சித்திரக்காரன் கையில் கிடைத்தால், மலையகத்தில் மொழியுரிமையின் நிலை என்ன என்பதை விளக்க ஒரு மகாநாடும் தேவைப்படாது.

தொழில் நியாய சபைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். வேலை நீக்கப்பட்ட தொழிலாளியும் அவரை நீக்கிய நிர்வாகமும் ஒரே மேசையின் இரு பக்கங்களில் சரிசமானமாக உட்காரும் அபூர்வமான இடம் அது. அதையும் எவரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

பெரிய வழக்குகளுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி காலை, பண்டாரவளைக்கு அருகேயுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்து, அங்கே அரசாங்கத்தின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரை வெட்டியும் அடித்தும் எரித்தும் கொன்றது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மீது குற்றஞ்சாட்டப்பட்ட அவ்வழக்கு, கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அடங்கிய விசேஷ அமர்வின் முன் நடைபெற்று, 2003 ஜூலை மாதத்தில் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் இருவர் பொலிஸ் உத்தியோகத்தர்கள். 2005 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டில் விடுதலை அளிக்க, ஒருவரும் தண்டனை அனுபவிக்காமலே அவ்வழக்கு முடிந்துபோயிற்று. தீர்ப்புகளைப் பற்றி இங்கே தர்க்கம் செய்ய நான் முற்படவில்லை. அந்த முகாமில் உயிர் பிழைத்தவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, எதிரே அமர்ந்திருந்த அவ்வளவு பெரிய கூட்டத்தை நோக்கி நின்று பேசிய அந்த நாட்களின் ஒரு சித்திரம்கூட என் கண்ணில் பட்டதில்லை என்பதையே சொல்கிறேன். எரிந்த முகாமின் புகைப்படங்கள் இருக்கின்றன. நீதி கேட்கப் போன இடத்தின் படம் இல்லை. அந்நிகழ்ச்சிக்குப் பிறகு பிறந்த பண்டாரவளைப் பிள்ளைகளுக்கு நாம் அழிவை மட்டுமே காட்ட முடிகிறது. விசாரணை என்ற ஒன்று வருஷக்கணக்காக நடந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாமற் போனதில் ஆச்சரியமென்ன?

இதற்கு வரக்கூடிய ஆட்சேபங்களில் இரண்டு பலமானவை. சித்திரக்காரனும் மனிதன்தானே, அவனுடைய விருப்பு வெறுப்புகள் கோட்டில் இறங்காவா என்பது முதலாவது. இறங்கத்தான் செய்யும். 2015இல் நியூயோர்க்கில் ஜேன் ரோசன்பேர்க் என்ற அனுபவசாலியான சித்திரக்காரி, டொம் பிரேடி என்ற அழகான விளையாட்டு வீரரை வரைந்த படம் உலகெங்கும் பரிகசிக்கப்பட்டது. அவரும் அழகாக வரையாததற்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டார். ஆனால் அதே சித்திரக்காரிதான் 2023 ஏப்ரலில் அப்போது முன்னாள் ஜனாதிபதியாக இருந்த ட்ரம்ப் பிரதிவாதிக்குரிய மேசையில் கைகளைக் கட்டி உட்கார்ந்திருந்ததை வரைந்தார். அப்படம் ஒரு புகழ்பெற்ற வாரப் பத்திரிகையின் அட்டையையே அலங்கரித்தது. கோணலான கோடு கோணல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. அதன் கீழே வரைந்தவர் பெயர் இருக்கிறது. கேட்பாரிருந்தால் அவர் பதில் சொல்வார். வாசலில் ஓடும் மனிதனைத் துரத்திப் பிடித்த புகைப்படம் தன்னை உண்மை என்றே பிரகடனம் செய்துகொள்கிறது. பிடிபட்ட முதல் நாளே, சாட்சி ஒன்றும் கேட்கப்படாத நிலையில், சட்டையால் மூடிய அந்தத் தலை ஊராருக்கெல்லாம் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறதல்லவா?

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. முகத்தைப் பிரசுரிப்பதால் நீதிக்கே இடைஞ்சல் நேரலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 124ஆம் பிரிவின் கீழ் நடத்தப்படும் அடையாள அணிவகுப்புக்கு முன்னரே சந்தேக நபரின் முகம் பத்திரிகையில் வந்துவிட்டால், சாட்சி அடையாளம் காட்டியது சம்பவத்தில் கண்ட முகத்தையா, பத்திரிகையில் கண்ட முகத்தையா என்ற கேள்வி எழுந்து, அந்த அணிவகுப்பே பயனற்றுப் போகும். பாலியல் குற்றங்களுக்கு ஆளான பெண்களும், சிறுவர்களும், உயிரச்சமுள்ள சாட்சிகளும் எக்காரணத்தாலும் காட்டப்படக் கூடாதவர்கள். தோட்டம் என்பது சிறிய உலகம். ஒரு லயத்தில் நடந்ததை அடுத்த மலையில் உள்ளவரும் மாலைக்குள் அறிவார். பெயரை மறைத்தாலும் கம்மலை வரைந்துவிட்டால் ஆள் தெரிந்துவிடும். ஆனால் இந்த ஆட்சேபமே சித்திரத்துக்குச் சாதகமாக நிற்கிறது என்பது என் வாதம். கெமராவுக்கு மறைக்கத் தெரியாது. பிறகு யாராவது முகத்தை மங்கலாக்க வேண்டும், அதையும் அவசரத்தில் அரைகுறையாகச் செய்வார்கள். சித்திரக்காரருக்கோ முகத்தை வெறுமையாக விட்டு, கூண்டின் கம்பியைப் பிடித்திருக்கும் கையை மட்டும் வரையலாம். கொழுந்தின் சாயம் ஏறி, விரல் நுனிகளில் கறுத்து வெடித்திருக்கும் அந்தக் கை யாருடையது என்று எவரும் சொல்ல முடியாது, எப்படிப்பட்டவருடையது என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள்.

இந்த வித்தையின் கஷ்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பிரபலஸ்தர் வழக்கென்றால் அவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். மறந்த மூக்கை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் பழைய புகைப்படம் கைகொடுக்கும். 1944இல் தொடங்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்ற நடிகர் தியாகராஜ பாகவதரின் முகத்தை யாரும் வரைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை இருக்கவில்லை. தவணைக்கு வந்து சில நிமிஷம் நின்றுவிட்டு மறைந்துபோகும் ஒரு கொழுந்துக்காரியை வரைவதுதான் மெய்யான பரீட்சை. முதலில் தலை சாய்ந்திருக்கும் கோணம், பிறகு தோள், பிறகு கைகள், கடைசியாகத்தான் முகம் என்று ஒழுங்குபடுத்திக்கொள்பவர் பிழைப்பார். கண்ணிமையிலிருந்து தொடங்குபவர் கண்ணிமையோடு நிற்பார். நீதவானும் கூண்டும் சாட்சியும் மொழிபெயர்ப்பாளரும் அறையின் நாலு மூலைகளில் இருப்பதால், அவர்களை ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர இடைவெளியைச் சுருக்குவது தொழில் தர்மத்துக்கு உட்பட்டதே. நிற்பவரை உட்காரவைப்பதும், அழாதவரை அழவைப்பதும் உட்பட்டதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து நீதிமன்றங்களைச் சித்திரித்த டோமியே, சிறுவயதில் நீதிமன்ற அமீனா ஒருவருடைய ஆபீஸில் எடுபிடியாக இருந்தவர். வழக்கறிஞரின் அங்கி எப்படிப் பறக்கும், கட்சிக்காரர் எப்படிக் குறுகுவார் என்பதெல்லாம் அவருக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல.

கேலிச்சித்திரம் இங்கே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டோமியேவின் கேலி வழக்கறிஞர்களைக் குத்தியது, நம்மூரில் அதே கேலி கூண்டில் நிற்பவர் பக்கம் திரும்பிவிடும் அபாயம் அதிகம். அதைவிட மோசமான இன்னொன்று இப்போது வந்துகொண்டிருக்கிறது. கணினியிடம் நாலு சொல்லைக் கொடுத்தால் அது நீதிபதியையும் கூண்டையும் கண்ணீரையும் உடனே உற்பத்தி செய்து தருகிறது. அந்தப் படங்களில் நீதிபதியின் கையில் சம்மட்டி இருக்கும், நம் நாட்டு நீதிபதிகள் சம்மட்டி தட்டுவதில்லை என்பது அந்த யந்திரத்துக்கும் தெரியாது, படத்தைப் போட்டவருக்கும் தெரியாது. அறையில் இருந்து கண்டவர் கோடு, அது எவ்வளவு கோணலாயினும், ஒரு சாட்சியம். யந்திரத்தின் படம் சாட்சியமே அல்ல. இந்தியாவில் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின் பயனாக 2022 செப்டம்பரிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வுகள் நேரலையாகக் காட்டப்படுவது மெச்சத்தக்கதே. எனினும் அங்கேயும் தெரிவது நீதிபதிகளும் சிரேஷ்ட வழக்கறிஞர்களும்தான். விளக்கமறியல் கைதி வந்து நிற்கும் கீழ் நீதிமன்றம் வரைக்கும் அந்த வெளிச்சம் இறங்கி வர வெகுகாலம் ஆகும்.

ஆகவே செய்ய வேண்டியதென்ன? நீதிச் சேவை ஆணைக்குழு ஒரு சுற்றறிக்கை மூலம், பத்திரிகை நிறுவனமொன்றின் கடிதம் பெற்ற சித்திரக்காரருக்கு, பொதுமக்கள் வாங்கில் ஓர் ஓரத்தை ஒதுக்கலாம். 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நீதிமன்ற அவமதிப்பு எது என்பது முதன்முறையாக எழுத்துருப் பெற்றிருக்கும் இவ்வேளையில், அவமதிப்பு அல்லாதது எது என்பதையும் ஒரு வரியில் தெளிவுபடுத்துவது பத்திரிகைக்காரருக்குப் பெரிய உபகாரம். உள்ளே உட்கார்ந்து வரைவதற்கு நீதவான்கள் தயங்குவார்களானால் இங்கிலாந்தின் வழியையே பின்பற்றி, பார்த்துவிட்டு வராந்தாவில் வந்து வரையச் சொல்லலாம். எனக்கென்னவோ அமெரிக்க வழிதான் சிலாக்கியமாகப் படுகிறது, ஏனெனில் ஞாபகத்திலிருந்து வரைபவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் குற்றவாளியின் உருவம் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அணிவகுப்பு முடியாத வழக்கு, சிறுவர் வழக்கு, பாலியல் வழக்கு ஆகியவற்றில் முகம் கூடாது. படம் அன்றைய தினம் முடிந்ததும் நீதிமன்றப் பதிவாளர் பார்வையிடலாம். திருத்தச் சொல்லக் கூடாது, கூடாத முகம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

பத்திரிகைகளின் பங்கு இதைவிட எளிது, ஆனால் பணம் செலவாகும். சித்திரக்காரருக்குச் சம்பளம் கொடுக்கும் பழக்கம் இந்நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. தினகரனில் சவாரித் தம்பர் என்ற சித்திரப் பாத்திரத்தை உலவவிட்ட சிவஞானசுந்தரம், பின்பு சிரித்திரன் என்று ஒரு பத்திரிகையையே அந்தக் கோடுகளின் பலத்தில் நடத்தினார். இன்று மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவனத்திலும் யாழ்ப்பாணத்திலும் சித்திரம் பயின்று வெளிவரும் மலையகப் பிள்ளைகள், படித்த வித்தைக்கு உத்தியோகம் தேடிச் சலித்து, கடைசியில் கல்யாண வீட்டு அலங்காரத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்து, பதுளை, பண்டாரவளை நீதிமன்றங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் என்று அமர்த்தி, பிரசுரமாகாத படத்துக்கும் கூலி உண்டு என்று எழுதிக் கொடுத்தால் போதும். அவர் தமிழும் சிங்களமும் அறிந்தவராக இருக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்தவராக இருந்தால் இன்னும் நல்லது, துண்டு தோளிலிருந்து முழங்கைக்கு இறங்குவதன் அர்த்தத்தை அவருக்கு யாரும் விளக்கத் தேவையிராது. படங்களின் மூலப்பிரதிகளைப் பத்திரிகை ஆபீஸின் குப்பைக் கூடைக்கு விடாமல், திகதியும் வழக்கிலக்கமும் எழுதி, பதுளைப் பொது நூலகத்தில் ஓர் அலுமாரியில் வைக்க மாநகர சபை இடம் கொடுக்குமானால், அலுமாரி வாங்கும் செலவை ஏற்க ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.